மெலூஹாவுக்கான விலை

மும்பைக்காரரான அமிஷ் திரிபாதி எழுதிய சிவா முத்தொகுதியை வரிசையாகப் படித்து முடித்திருக்கிறேன். நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதத் தொடங்கிய கதை இது. பல பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய முதல் பாகம், 2010இல் ஒருவழியாக வெளிவந்தது. அடுத்த இரண்டும் 2011லும் 2013லும் வந்தன. நம் பிள்ளைகள் இதை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பவித்ரா ஸ்ரீனிவாசனின் தமிழாக்கம் இருக்கிறது. ஒரே வீட்டில் இரு தலைமுறையும் ஒரே கதையைப் பேசிக்கொள்ள முடிவது நம்மைப் போன்ற மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் அபூர்வம்.

கதை நடப்பது கி.மு. 1900இல். மானசரோவர் பக்கத்தில் வாழும் குணா என்ற மலைக்குடியின் தலைவன் சிவன். இங்கே அவன் கடவுளல்ல, மனிதன். மெலூஹா நாட்டிலிருந்து வந்த நந்தியின் அழைப்பை ஏற்று அந்த நாட்டுக்கு வருகிறான். அங்கே கொடுத்த சோமரசம் என்ற மருந்தைக் குடித்ததும் கழுத்து நீலமாகிறது. காலங்காலமாகக் காத்திருந்த நீலகண்டன் இவன்தான் என்று நாடே கையெடுத்துக் கும்பிடுகிறது.

மெலூஹாவைப் படிக்கிறபோது நெஞ்சில் ஏக்கம் வருகிறது. நேரான தெருக்கள், மூடிய சாக்கடைகள், பொதுக் குளியலிடங்கள், சட்டத்துக்கு அடங்கி நடக்கும் மக்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த தாராவிப் பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட கனவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தைகளை எல்லாம் அரசே எடுத்து வளர்த்து, தேர்வு வைத்து, அதன்படிதான் சாதியைத் தீர்மானிக்கிறது. யாருக்கு யார் பெற்றோர் என்றே தெரியாது. நியாயம்தானே என்று தலையாட்டிக்கொண்டே வருகிறோம். அதே நாட்டில்தான் விகர்மர்கள் என்று ஒரு கூட்டத்தைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போன பிறவிப் பாவம் என்று காரணம் சொல்கிறார்கள். பின்னால் சிவன் மணக்கும் இளவரசி சதியும் அவர்களில் ஒருத்தி. இவ்வளவு அழகான ஊரில் இதுவுமா என்று நமக்குச் சுருக்கென்கிறது.

முதல் பாகத்தில் எனக்குக் குறை உண்டு. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் இன்றைய கல்லூரிப் பையன்களைப் போலப் பேசுகிறார்கள், திட்டிக்கொள்கிறார்கள். காதில் உறுத்துகிறது. இளவயதினரை உள்ளே இழுத்ததும் அந்தப் பேச்சுதான் என்பதையும் மறுக்க மாட்டேன்.

மூன்றில் சிறந்தது இரண்டாம் பாகமான ‘நாகர்களின் இரகசியம்’. இதைத் தாண்டிவிட்டு மூன்றாவதுக்குப் போகாதீர்கள். கொள்ளைநோய்க்குத் தப்பி வந்த பிரங்க நாட்டு மக்கள் காசியில் தங்களுக்கென ஒரு குடியிருப்பு அமைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்கள் பழக்கவழக்கம் உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் கலவரம் வெடிக்கிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது, 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக நம் மும்பையில் எழுந்த கோஷங்களைத்தான் நினைத்தேன். மாட்டுங்காவிலும் தாராவியிலும் அன்றைய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பிரங்கர்களின் பயம் இன்னதென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

முழுவதும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இனி கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. மெலூஹர்களுக்கு நீண்ட ஆயுளைத் தரும் சோமரசத்தைத் தயாரிக்கச் சரஸ்வதி நதியின் நீர் ஏராளமாகச் செலவாகிறது, நதி வற்றுகிறது. நச்சுக்கழிவு பிரம்மபுத்திரையில் கலந்து, கீழே இருக்கும் பிரங்கர்களைக் கொல்கிறது. உடற்குறையோடு பிறந்ததால் விரட்டப்பட்ட நாகர்களின் அந்தக் குறைக்கும் இதே மருந்துதான் காரணம். வில்லன் ஒரு மனிதன் என்று தேடிக்கொண்டிருந்த நமக்கு, நாம் கொண்டாடிய மருந்தையே ஆசிரியர் காட்டுகிறார். நானூறு ஐநூறு பக்கம் மெலூஹாவை நேசித்த பிறகு இதைக் கேட்பதால்தான் வலிக்கிறது. ஒரே புத்தகத்தில் சொல்லியிருந்தால் இது வெறும் தகவலாகப் போயிருக்கும். தப்பான ஒன்றின் மேல் அன்பு வைக்க நமக்கு அவகாசம் கொடுத்ததுதான் இந்த வரிசையின் பெரிய சாதனை.

நம் மும்பையிலும் இதே கதைதான். விகார், பவாய் ஏரிகள் வழிந்து உருவாகும் மிட்டி நதி, நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்து தாராவி ஓரமாக மாஹிம் கழிமுகத்துக்குப் போகிறது. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த நதி எந்த வீடுகளுக்குள் புகுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். செம்பூரை அடுத்த மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றைச் சுவாசிப்பவர்களும் நம் அண்டை வீட்டார்தான். பிரங்க நாடு எங்கே இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் மாஹிம் பாலத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

மூன்றாம் பாகமான ‘வாயுபுத்திரர் வாக்கு’ நீளம் அதிகம். படை வியூகங்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன, கதை நின்றுவிடுகிறது. சதி தனியாக நின்று போரிட்டுச் சாகும் இடம் மட்டும் இதற்கெல்லாம் ஈடு செய்கிறது. படித்தபின் வெகுநேரம் புத்தகத்தை மூட முடியவில்லை. அதற்குப் பிறகு சிவன் பாசுபதாஸ்திரத்தால் மெலூஹாவின் தலைநகரான தேவகிரியையே அழிக்கிறான். இங்கேதான் எனக்கும் ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு. ஒரு மருந்தின் விலையை வேறொரு நாடு கொடுத்தது என்று மூன்று பாகமாகச் சொல்லிவந்தவர், தீர்ப்பைக் கணவனின் துயரத்திடம் ஒப்படைத்துவிட்டார். தேவகிரி எரிந்த செய்தி வந்தபோது, குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்த ஒரு பிரங்கத் தாய் என்ன சொன்னாள்? அதைக் கேட்க அந்தக் கடைசிப் பாகத்தில் ஓர் அத்தியாயமாவது எனக்கு வேண்டும்.