மூளைக் கட்டியும் அதன் மருத்துவமும்

(பள்ளத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேரையர் கதையை நம்மிற் பலர் அறிவர். தலைநோயால் துடித்த அரசனின் மண்டையை அகத்தியர் திறந்தபோது உள்ளே தேரை ஒன்று இருந்ததாம். மாணவர் ஒருவர் பாத்திரத்தில் நீர் கொணர்ந்து காட்ட, அது தானே குதித்து வெளியேறிற்றாம். அதனால் அவர் தேரையர் எனப் பெயர் பெற்றாராம். கதைதான். ஆயினும் தலைக்குள் வேறொரு பொருள் இடம் பிடித்தால் மூளை வருந்தும் என்னும் உண்மை அதனுள் உறைகின்றது.

மண்டையோடு விரிந்து கொடுக்காத பேழை. ஆதலால் புற்று அல்லாத கட்டியும் அங்கே தீங்கு செய்யும். அதே வேளையில், மூளைக் கட்டி யாவும் புற்றுநோய் அல்ல. மூளையின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெல்ல வளர்வது, பரவாதது. பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டிகளும் பெரும்பாலும் அத்தகையனவே. அவற்றுள் ஒருவகை மாத்திரையாலேயே சுருங்கும். கிளியோமா வகைகளுட் சில கொடியவை. நுரையீரல், மார்பகம் முதலியவற்றிலிருந்து பரவி வருவனவும் உண்டு. இத்தனையையும் ஒரே சொல்லால் குறித்து ஒரே அச்சத்தால் நடுங்குகின்றோம். எவ்வகைக் கட்டி என்பதன்றோ நாம் கேட்கவேண்டிய முதல் வினா?

அறிகுறிகளும் பலவாம். நாளுக்குநாள் மிகுந்து, விடியலில் வாந்தியோடு வரும் தலைவலி. வலிப்பே கண்டிராதவர்க்கு நடுவயதில் வரும் முதல் வலிப்பு. ஒருபக்கக் கை கால் தளர்வு. பேச்சிலோ பார்வையிலோ குறை. நெற்றிப்பகுதிக் கட்டி இன்னும் நுட்பமாக ஏமாற்றும். வரவு செலவில் பிசகாத மனிதர் கணக்கில் தடுமாறுவார், காரணமின்றிச் சினப்பார். வீட்டார் அதனை முதுமை என்பர், சிலர் செய்வினை என்றே முடிவு கட்டுவர். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் எண்ணம் கடைசியில்தான் வரும்.

1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். சாண்டி பயின்றது கனடாவின் மாண்ட்ரீல் நகரில், வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம். அப்பென்ஃபீல்டு 1928-இல் தம் தமக்கை ரூத்துக்கே மூளைக் கட்டி அறுவை செய்தார். முழுவதையும் அகற்ற இயலவில்லை. ஆயினும் அவ்வம்மையார் பிள்ளைகளோடு மீண்டும் வாழ்ந்தார். கட்டி திரும்பியதால் சில ஆண்டுகளில் மறைந்தார். சி.டி. ஸ்கேன்கூட இல்லாத காலம் அது. முற்றும் குணமாகாவிடினும் கிடைத்த ஆண்டுகள் வீணல்ல என்றே நான் கருதுகின்றேன்.

இன்று பிட்யூட்டரிக் கட்டியை மூக்கின் வழியாகவே எடுக்கின்றனர். பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருப்பின், நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேசவைத்துக்கொண்டே அறுப்பதும் உண்டு. மூளைத் திசுவுக்கு வலியுணர்வு இல்லை! கத்தி பட்டால் கட்டி பரவும் என்னும் பேச்சு பொருளற்றது. எடுத்த திசுவைச் சோதித்த பின்னரே கதிர்வீச்சா, மருந்தா, இரண்டுமா என்று முடிவு செய்வர். கிளியோபிளாஸ்டோமாவுக்குப் பொதுவாக வாரம் 5 நாளாக ஏறத்தாழ 6 வாரக் கதிர்வீச்சும், உடன் டெமோசோலோமைடு மருந்தும் தருவர்.

நம் இல்லங்களுக்கென இனி ஒன்று. அட்டமி, சதுர்த்தசி உபவாச நாள்களில் வலிப்பு மாத்திரையை நிறுத்துவோர் உளர். ஒருவேளை தவறினும் வலிப்பு வரக்கூடும். வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்துதல் ஆபத்து. இரவுண்ணாமை காப்போர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. இருவேளை மாத்திரையைக் காலை 6 மணிக்கும் மாலை கதிர் மறையுமுன்னும் அமைக்க இயலுமா என்று கேட்கலாம். மருந்துக் குப்பிகளின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டின். அதற்காக டெமோசோலோமைடு குப்பியைப் பிரித்துத் தூளை மட்டும் உண்ணலாகாது. அத்தூள் தொடுவோர்க்கும் கேடு. மாற்று உண்டா என்பதை மருத்துவரிடமே வினவுக.

செலவை எண்ணித் தயங்குவோர்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவு உள்ளது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.