வாசா: முப்பது பேர் ஓடிப் பார்த்த கப்பல்



சென்ற கோடை விடுமுறையில், சுவீடனில் வேலை பார்க்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்டாக்ஹோமில் பார்த்தவற்றில் உங்களிடம் சொல்ல வேண்டியது வாசா அருங்காட்சியகம். ஒரே ஒரு கப்பலுக்காகக் கட்டிய கட்டடம் அது. உள்ளே அரை இருட்டு. கண் பழகியதும் 69 மீட்டர் நீளத்தில், கன்னங்கரேலென்று, உடலெல்லாம் மரச்சிற்பங்களுடன் அந்தப் போர்க்கப்பல் எதிரே நிற்கிறது. நம் ஊர்த் தேர் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு அழகான கப்பல் ஓடிய தூரம் ஏறத்தாழ 1,300 மீட்டர்தான்! 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டது. காற்று சற்று வேகமாக வீசியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே தண்ணீர் புகுந்தது. கரையில் கூடியிருந்த மக்கள் கண்ணெதிரே மூழ்கியது. ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கே வாழ்வதில்லை. அதனால்தான் 333 ஆண்டுகள் கழித்து, 1961இல் முழுக் கப்பலாகவே மேலே தூக்க முடிந்தது. மரம் வெடிக்காமலிருக்க 17 ஆண்டுகள் வேதிக்கரைசல் தெளித்திருக்கிறார்கள்.

ஏன் கவிழ்ந்தது? இரண்டு அடுக்குகளில் கனமான பீரங்கிகள், மொத்தம் 64. மேல்பாரம் அதிகம்; ஈர்ப்பு மையம் உயர்ந்துவிட்டது. இதை ஒரு காலி தண்ணீர் பாட்டிலிலேயே செய்து காட்டலாம். அடியில் மணல் போட்டு மூடி வாளித் தண்ணீரில் விட்டால் நிமிர்ந்து மிதக்கும்; மணலை எடுத்துவிட்டுக் கழுத்தில் கல்லைக் கட்டினால் சாய்ந்துவிடும். கப்பலில் கிடைத்த அளவுகோல்களும் வகுப்புக்கு உதவும். சில சுவீடன் அடியைக் காட்டுகின்றன, சில ஆம்ஸ்டர்டாம் அடியை. இரண்டும் ஒரே நீளமல்ல. ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடத்தில், படித்தர அலகு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் என்னை அங்கேயே நிறுத்தியது வேறொரு செய்தி. கப்பல் புறப்படுவதற்கு முன்பே ஒரு சோதனை நடந்திருக்கிறது. முப்பது மாலுமிகள் மேல்தளத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். மூன்று முறை ஓடுவதற்குள் கப்பல் பயங்கரமாக ஆடியது. கடற்படைத் தளபதி ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். அரசர் குஸ்தாவ் அடால்ஃப் போர்க்களத்தில் இருந்தார். கப்பலைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கப்பல் புறப்பட்டது. பிறகு விசாரணை நடந்தது. யாருக்கும் தண்டனை இல்லை. அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவர் அரசரே. கப்பலைக் கட்டத் தொடங்கிய தலைமைத் தச்சரோ முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். ஓட்டத்தை நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தி, “ஓடிய முப்பது பேரில் நீயும் ஒருத்தி. என்ன செய்வாய்?” என்று கேட்டேன். பலரும் “கப்பலில் ஏறமாட்டேன்” என்றார்கள். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமலே இருக்கும் ஒரு மாணவி எழுந்தாள்.

“சொல்லணும் டீச்சர். ஆனா யார்கிட்ட போய்ச் சொல்றது?”

அந்தப் பாடவேளை முழுவதும் அவள் கேள்வியிலேயே போயிற்று. பாட்டில் சோதனையை மறுநாள்தான் செய்தோம்.