ஊர் திரும்பினாலும் கூட்டத்தை விடாதீர்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காணி, வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவு, பிள்ளைகளின் பாடசாலை பற்றி எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் குடியைப் பற்றிப் பேசப்போகிறேன். புத்தி சொல்ல வரவில்லை. குடியை விட்டவரும் விட நினைப்பவரும் ஊருக்குப் போன பிறகு தனித்துப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இடம்பெயர்ந்திருந்த இடத்தில் உங்களில் சிலர் வைத்தியசாலைக் கிளினிக்குக்கும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுவுக்கும் போயிருப்பீர்கள். ஊருக்குப் போகும்போது சட்டி பானை, தகரம், ஆடு, கோழி எல்லாம் கூட வரும். அந்தக் குழு மட்டும் அங்கேயே நின்றுவிடும். ஊரில் முதல் மாதங்கள் கடினமானவை. இடிந்த வீட்டைப் பார்க்க வேண்டும். திரும்பி வராதவர்களின் நினைவு வரும். வேலை உடனே கிடைக்காது. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாகக் கைக்கு வரும்போது பழைய கூட்டாளிகளும் வருவார்கள். துணை கூடுதலாகத் தேவைப்படுவது அப்போதுதான்.

ஆகவே புறப்படும் முன்னரே இரண்டு காரியம் செய்யுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக எடுத்து வைத்து, உங்கள் ஊருக்குக் கிட்டிய வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கேளுங்கள். குழுவில் நீங்கள் நம்பும் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை வாங்குங்கள்.

ஊரில் குழு எங்கே கூடுகிறது என்று யாரைக் கேட்பது? முதலில் மாவட்டப் பொது வைத்தியசாலை அல்லது ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அடுத்து, பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் தனியே கேட்கலாம். வெளியே போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

குழு இருக்கிறது என்று சொன்னால், எந்த நாள், எத்தனை மணி, தமிழில் நடக்கிறதா, பெண்கள் வரலாமா, குடும்பத்தவர் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். சில கூட்டங்கள் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே. சிலவற்றுக்கு யாரும் போகலாம். கூட்டம் முடிந்து வர பஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். பஸ் இல்லாத கூட்டத்துக்கு இரண்டாம் முறை போக மனம் வராது.

அங்கே என்ன நடக்கும் என்று பயப்பட வேண்டாம். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும் சந்தித்துப் பேசினார்கள். இருவரும் குடியால் நொந்தவர்கள். குடியால் பட்டவருடன் பட்டவரே பேசும்போது மனம் திறக்கிறது என்று கண்டார்கள். அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்ற அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. அதில் சேரக் கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம்.

அக்காமாருக்கு ஒரு வார்த்தை. அவர் வர மறுத்தால் நீங்கள் போய்க் கேளுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தவருக்காக 1951இல் தொடங்கிய அல்-அனோன் என்ற அமைப்பும் உண்டு. உங்களுக்கும் ஆறுதல் வேண்டும். வீட்டில் அடி உதை இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

இதை எல்லோரும் மனதில் வைத்திருங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே கைநடுக்கமும் வியர்வையும் வரலாம். அடுத்த சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் கூட வரலாம். உயிருக்கே ஆபத்து. கோவிலில் சத்தியம் வாங்கி அறையில் பூட்டி வைக்காதீர்கள். நிறுத்தும் முன் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

கிட்டடியில் குழு இல்லாவிட்டால், உளவளத்துணை உத்தியோகத்தரிடம் ஒன்று தொடங்க உதவி கேளுங்கள். சனசமூக நிலையத்தில், கிழமையில் ஒரே நாள், ஒரே நேரம் இரண்டு மூன்று பேர் இருந்தாலே போதும். அக்ரனிலும் இரண்டு பேர்தான் தொடங்கினார்கள். இடையில் ஒருவர் திரும்பக் குடித்துவிட்டால் அவரை ஒதுக்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள்.

இந்த இலக்கங்களை எழுதி, பிள்ளைகளுக்கும் தெரியும் இடத்தில் ஒட்டி வையுங்கள். எல்லோர் முன்னும் கேட்க முடியாத கேள்வி இருந்தால், கூட்டம் முடிந்ததும் வாருங்கள், தனியே பேசலாம்.