கூலிங் டவரும் நம் கையெழுத்தும்



கூலிங் டவருக்கு மேலே எழும் வெண்மேகத்தைப் பார்த்து, "அடேயப்பா, எவ்வளவு புகை!" என்பார்கள். புகையில்லை சார், வெறும் தண்ணீர். சூடேறிய தண்ணீரை மேலிருந்து பொழியவிட்டால் கொஞ்சம் ஆவியாகும்; மீதி குளிரும். ஆவியால் ஆபத்தில்லை. ஆனால், காற்றோடு பொடித்துளிகளும் வெளியேறுமே, அதில்தான் சங்கதி. தொட்டித் தண்ணீரில் உள்ளதெல்லாம் அந்தத் துளியிலும் இருக்கும்.

துருப்பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் குரோமேட் கலந்தார்கள். அந்தக் குரோமியத்தைச் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம். அமெரிக்க அரசு 1990இல் ஏ.சி. டவர்களிலும், 1994இல் தொழிற்சாலை டவர்களிலும் அதைத் தடுத்தது.

அடுத்தது கிருமி. 2015 கோடையில் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ் பகுதியில் லெஜியோனெல்லா நிமோனியா பரவியது. 100 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தார்கள். 10 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம், ஒரு ஹோட்டல் மொட்டைமாடிக் கூலிங் டவர். அந்த ஆகஸ்டிலேயே நகரச் சட்டம் வந்தது: ஒவ்வொரு டவரையும் பதிவு செய்ய வேண்டும், ஓடும் காலத்தில் மூன்று மாதத்துக்கொரு முறையாவது சோதிக்க வேண்டும் என்று அப்போது விதித்தார்கள்.

உயிர்கள் போன பிறகுதான் சட்டம் வந்தது. தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். தண்ணீரைச் சோதிக்காமல் "சரி" என்று எழுதாதீர்கள். துளியைத் தடுக்கும் டிரிஃப்ட் எலிமினேட்டர் உடைந்திருந்தால், மேலதிகாரி முகம் சுளித்தாலும் மாற்றச் சொல்லுங்கள். காம்பவுண்டுக்கு வெளியே தெருவில் போகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. அவர் மூச்சு உங்கள் கையில்.