தேயிலை மலையில் சைக்கிள்

கேமரன் மலைக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் தாப்பாவில் புறப்படுவார்கள். தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு ஏற்றம். லங்காவி சைக்கிள் பந்தய வீரர்களுக்கே இங்கே மூச்சு வாங்கியிருக்கிறது!

ஆனால் அருமையான பாதை பிரிஞ்சாங்குக்கு அப்பால், சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் பிரிகிறதே, அதுதான். குறுகலான சாலை, எதிரே கார் வந்தால் ஒதுங்குவதே பெரும் பாடு. 'போ' தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929-ல். காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசிகளும் நேபாளிகளும் அதிகம். காரில் பறப்பவருக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். மூச்சிரைக்க மிதிப்பவருக்கு லயத்து வீடும் கோயிலும் கண்ணில் படும். நின்று நாலு வார்த்தை பேசலாம். காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். இறங்கும்போது காய்கறி லாரிக்கு வழி விடுங்கள்!