காரின் கண்ணும் நம் கண்ணும்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துக்கு மேல பேசாதே, சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் அண்ணன் எச்சரித்திருக்கிறார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கார்களில் ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்புக் கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். ‘அடாஸ்’ என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். இந்த உதவி நேற்று வந்ததல்ல. பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 1978-லேயே ஜெர்மனியின் பென்ஸ் காரில் வந்துவிட்டது. வண்டி வழுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும் இ.எஸ்.சி. 1995-இல் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம்.

இவை சக்கரத்தைக் கவனிப்பவை. அடுத்து வந்தவை சாலையைக் கவனிப்பவை. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, வண்டியின் முகப்பில் ஒரு ரேடார். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பும். மோதப் போகிறோம் என்றால் தானே பிரேக் போடும். 2022-இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. ஆகவே இந்தக் கருவிகள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இவற்றால் பிழைத்தவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

2023 பொங்கலுக்கு என் சொந்தக் காரில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனோம். பக்கத்தில் மனைவி, பின்னால் மகளும் அம்மாவும். மகளுக்கு பெல்ட் போட்டாயிற்று. அம்மா மட்டும், "தானா நிக்கிற வண்டின்னு நீதானே சொன்னே, எனக்கு எதுக்குடா பெல்ட்டு?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சாயங்கால வெயில் நேரே முகத்தில். வேகம் 80. முன்னால் ஒரு லாரி. குரூஸ் அதைப் பார்த்து அழகாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மகளின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று லாரி இடப்பக்கம் ஒதுங்கியது. எதிரே, நடுத்திட்டு இடைவெளியில் திரும்பக் காத்திருந்த கரும்பு டிராக்டர். பின்னால் விளக்கு கிடையாது. கார் பிரேக் போடவில்லை. "என்னங்க, டிராக்டர்!" என்று மனைவி கத்தினாள். மிதித்தேன். ஏ.பி.எஸ். காலடியில் தடதடவென்று அதிர, கரும்புத் தோகைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

நாங்கள் மோதவில்லை. ஆனால் அம்மாவின் நெற்றி முன் சீட்டில் மோதி, நாலு தையல்.

கார் ஏன் பிரேக் போடவில்லை? ரேடாருக்கு நிற்கிற பொருள்தான் பெரிய தலைவலி. பெயர்ப் பலகை, பாலம், நடுத்திட்டுக் கம்பி எல்லாமே நிற்கிற பொருள்கள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. ஆகவே வேகமாகப் போகும்போது நிற்பவற்றைப் பல கருவிகள் எளிதில் நம்புவதில்லை. கேமராவும் ஆமோதிக்க வேண்டும். கேமராவுக்கோ எதிர்வெயில். அதுவரை லாரி மறைத்திருந்ததால் பார்க்கக் கிடைத்த நேரமும் கொஞ்சம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் 22 மீட்டர் போய்விடுகிறோம்.

இதெல்லாம் காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது: ‘நிற்கும் வாகனங்களை அறியாமல் போகலாம்.’ அதே மாதிரி வரிகளை அலுவலகத்தில் வேறு கார்களுக்கு எழுதிக் கொடுப்பவன் நான்! ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டார்: "அதுக்குப் பரீட்சை வைக்கிறவனே நீதானே? அதுக்கு என்ன தெரியாதுன்னு எங்களுக்கு ஏன் சொல்லலே?" பதில் சொல்ல முடியவில்லை. அது என்னவெல்லாம் செய்யும் என்று வீடு முழுக்கப் பெருமை பேசியிருந்தேன். எதைச் செய்யாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுக் கார் வாங்கினால் அந்தப் புத்தகத்தில் எச்சரிக்கைப் பக்கங்களை முதலில் படியுங்கள். இன்று நம் வீட்டுக் கார்களில் உள்ளது உதவி மட்டுமே, ஓட்டுநர் நீங்கள்தான். பின் சீட்டிலும் பெல்ட் போடச் சொல்லுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நாளை நீங்கள் எதைச் செய்து கொடுத்தாலும், அதனால் முடியாததை அதைப் பயன்படுத்துகிறவருக்குப் புரிகிற பாஷையில் முதலில் சொல்லுங்கள். இதே கல்லூரி லேபில், ரீடிங் எழுதும்போது பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்துப் போட மாட்டார்கள். அந்தப் பாடம் எனக்கு நாலு தையல் கழித்துத்தான் புரிந்தது.

அம்மா இப்போது காரில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "நீ ரோட்டைப் பாரு" என்கிறார்.