சீருடை களைந்து வரும் காவலர்

பள்ளிக்கூடங்களுக்குக் காவலர்களை அனுப்புவது நன்மையா என்று கேட்பவர்களிடம், யாரை அனுப்புகிறீர்கள், எந்தக் கோலத்தில் அனுப்புகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். கேரளம் 2010-ஆம் ஆண்டில் மாணவர் காவல் படையைத் தொடங்கி, பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்து, அணிவகுப்பும் சட்ட அறிவும் கற்பித்தது; 2018-இல் மத்திய அரசு அதை நாடெங்கும் விரித்தது. நம் திருப்பூரின் அண்டை மாவட்டமான கோவையிலோ, 2022-இல் காவல்துறையினர் ‘பள்ளிக்கூடம்’ என்னும் பெயரில் பெண் காவலர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, தகாத முறையில் தொடுபவரைப் பற்றி அஞ்சாமல் வாய் திறக்கக் குழந்தைகளுக்குக் கற்றுத் தந்தார்கள். திருப்பூருக்கு உகந்தது இந்த இரண்டாவது வழியே என்பது என் அபிப்பிராயம்.

இங்குள்ள பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை, ஆர்டர் நெருக்கடி வந்தால் ஒன்றரை ஷிப்டாகி இரவு எட்டரைக்குத்தான் முடிகிறது. தகப்பனார் கட்டிங்கிலும் தாயார் செக்கிங்கிலும் நிற்க, மாலையில் பள்ளி விட்டு வரும் குழந்தை அந்த நான்கு மணி நேரத்தை யார் பார்வையில் கழிக்கிறது? லைன் வீட்டு வாசலொன்றில், எலாஸ்டிக் துண்டில் கோத்த சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டு, உறங்கும் தம்பியை மடியில் கிடத்தி, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். தட்டுகிறவர் தெரிந்த மாமாவாக இருந்தால் என்ன செய்வதென்று சொல்லவில்லையாம்.

அந்தக் கேள்வியைக் காக்கிச் சட்டையிடம் அவள் கேட்பாளா? 1932 ஜனவரி 10-இல் கொடியேந்திய குமரன் போலீஸாரின் தடியடிக்கு ஆளாகி, மறுநாள் உயிர் நீத்த ஊர் இது. அந்நிய ஆட்சி போய் வெகுகாலமாகியும், சோறுண்ண மறுக்கும் குழந்தையைப் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாகத்தான் நாம் இன்னும் பயமுறுத்துகிறோம். சட்டம் இந்த அச்சத்தை நன்றாகவே உணர்ந்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும் காவலர் சீருடையில் இருக்கலாகாது என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஒருவரைக் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக நியமிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகைசெய்கிறது. ஆகவே, புதிதாகப் பதவி எதையும் சிருஷ்டிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அவரை அழைக்கவும் கூடாது: பையன்கள் அடித்துக்கொண்டால் விலக்கிவிட்டுப் புத்தி சொல்வது ஆசிரியரின் கடமை. அதற்குக் காவலரை அழைப்பது பெரும் பிழை.

தலைமையாசிரியர்களையும் பள்ளி மேலாண்மைக் குழுவினரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் அந்த அலுவலர் யாரென்று விசாரியுங்கள், மாதம் ஒருமுறை அவரைச் சாதாரண உடையில் வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்காரவையுங்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்காக அவர்கள் மொழி தெரிந்த ஒருவரும் உடனிருக்கட்டும். அவர் பெயரையும், குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணையும் ஒவ்வொரு வகுப்பின் கரும்பலகை ஓரத்திலும் எழுதி, ஆண்டு முழுவதும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.